பாக்தாதை ஆண்ட அந்நிய அலுவலர்கள்

போர் ஓய்ந்த நிலத்தை வெளிநாட்டு அதிகாரிகளைக் கொண்டு நிர்வகிக்கலாம் என்ற யோசனை எழும்போதெல்லாம் எனக்கு இராக்கே நினைவுக்கு வருகிறது. 1914இல் பாஸ்ராவைக் கைப்பற்றிய பிரிட்டன், இந்திய அரசுப் பணியிலிருந்தே பல நிர்வாகிகளை அனுப்பியது. நமது ரூபாய் அங்கு 1932 வரை புழங்கியது. பெர்சி காக்ஸ் போன்றோர் வளைகுடாவை நெடுங்காலம் அறிந்தவர்கள். ஆயினும் 1920இல் கிளர்ச்சி வெடித்தது.

2003இல் வந்த அமெரிக்கரான பால் பிரெமருக்கு அரபு மொழி தெரியாது. அவருக்குக் கீழ்ப் பணியாற்றிய பலர் சில மாதங்களே தங்கினர். மே மாதத்து இரு ஆணைகளால் பாத் கட்சியின் மேல்நிலை உறுப்பினர்கள் அரசுப் பணியை இழந்தனர், ராணுவம் கலைக்கப்பட்டது.

அனுபவமின்மையைக் குறைகூறுவது எளிது. பொருளியல் மாணவனாக நான் கேட்பது வேறு: இவர்களை நியமிக்கவும் நீக்கவும் யாருக்கு அதிகாரம் இருந்தது? 1920இல் வரிச்சுமையால் வாடிய விவசாயிக்கும் இல்லை, 2003இல் ஊதியம் இழந்த படைவீரனுக்கும் இல்லை.