கூட்டலும் ஒட்டலும்

நோட்டுப் புத்தகம் ஒன்றின் விலை 20 ரூபாய். இரண்டு வாங்குகிறோம். பைண்டிங் கூலி 30 ரூபாய். ஆக மொத்தம் எவ்வளவு? எழுபது என்று மூன்றாம் வகுப்புப் பிள்ளை சொல்லும். ஆனால், நம் முதலாண்டு மாணவர் ஒருவர் ஜாவாஸ்கிரிப்ட்டில் முதன்முதலாக எழுதும் விலைக் கணிப்பான் 4030 என்று சொன்னால் வியப்பதற்கில்லை!

சிரிக்க வேண்டாம் நண்பர்களே. மாணவரின் மடமையன்று இது. எழுத்துப் பெட்டியில் நாம் தட்டும் எண்ணை அந்த மொழி எண்ணாகப் பெறுவதில்லை, எழுத்தாகவே பெறுகிறது. பெருக்கல் குறியைக் கண்டால் எழுத்தை எண்ணாக மாற்றிக்கொண்டு 40 என்று ஒழுங்காக விடை தருகிறது. கூட்டல் குறியைக் கண்டாலோ, ஒரு பக்கம் எழுத்து நிற்கிறதே என்று இரண்டையும் அடுத்தடுத்து ஒட்டிவிடுகிறது. பெருக்கல் சரியாக வந்த துணிவில்தான் மாணவர் கூட்டலில் ஏமாறுகிறார். 1995ஆம் ஆண்டில் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் என்பார் பத்தே நாட்களில் முதல் வடிவம் தந்த மொழி அது. அவசரத்தில் பிறந்த பிள்ளையின் சில குணங்கள் முப்பது ஆண்டு கடந்தும் மாறவில்லை.

எழுத்தை எண்ணாக்கும் கட்டளைகள் உண்டு. அவற்றிலும் விழிப்பு வேண்டும். நம் வழக்கப்படி 1,200 என்று காற்புள்ளியிட்டு எழுதிப் ‘பார்ஸ்ஃபுளோட்’ என்னும் கட்டளையிடம் கொடுத்தால், காற்புள்ளியோடு நின்றுவிட்டு 1 என்கிறது. ஆயிரத்து இருநூறு தாள் ஒரு தாளாகிவிட்டது! கடைக்காரர் என்ன ஆவார்?

இத்தகைய நிரலை ஒரு மாணவர் நம்மிடம் கொண்டுவந்து, “இதை எப்படித் திருத்துவது?” என்று கேட்டால் நாம் சொல்வது யாது? அமீர்பேட்டையில் மைத்ரிவனத்தைச் சுற்றிச் சுவரெல்லாம் பயிற்சிக்கூட விளம்பரம். அதைப் பார்த்துப் பழகிய நாம், “ரியாக்ட் படி” என்கிறோம். அல்லது, “இருபது வரி எதற்கு? மூன்று வரியில் முடிக்கலாமே” என்கிறோம். அதுவும் அலுத்தால் நாமே முழுவதையும் மாற்றி எழுதிக் கையில் கொடுத்துவிடுகிறோம். இவற்றில் ஒன்றும் திருத்தமாகாது என்பது என் கருத்து. விலைக் கணிப்பானின் முதற்கடமை மெய் சொல்லுதல். திரையில் தோன்றும் விலை வாங்குவோருக்குக் கடை தரும் வாக்கு. அந்த வாக்கு பிழைபட்டிருக்கையில் வரிகளைச் சுருக்கி என்ன பயன்?

விலைக் கணக்கின் தொல்லை நாம் படிக்கும் இந்த ஐதராபாத்துக்குப் புதிதன்று. நிஜாம் அரசுக்கென்று தனி நாணயம் இருந்தது. ஹாலி சிக்கா என்பார்கள். 1959இல் செல்லாததாகும் வரை அது இந்திய ரூபாயோடு கூடவே புழங்கியது. ஹாலி ரூபாய் ஏழுக்கு இந்திய ரூபாய் ஆறு என்பது மாற்று விகிதம். நூறு ஹாலி ரூபாயை மாற்றிப் பாருங்கள்: 85.714285714285... போய்க்கொண்டே இருக்கும். ஏழால் வகுத்தது பத்தின் கணக்கில் அடங்குவதில்லை. கணிப்பொறிக்கும் இதே சங்கடம்தான். அது இரண்டின் அடிப்படையில் எண்ணுகிறது. பத்தில் ஒன்று என்பது அதற்கு முடிவில்லாப் பின்னம். அதனால்தான் 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டச் சொன்னால் 0.30000000000000004 என்கிறது. இதற்கு மருந்து எளிது. கடைக்காரர் ரூபாயில் பேசட்டும்; நிரல் பைசாவில் எண்ணட்டும். முழு எண்களாக வைத்துக்கொண்டால் ஏறத்தாழ 90 லட்சம் கோடி ரூபாய் வரை பைசா பிசகாமல் அந்த மொழி கூட்டித்தரும். நம் ஜெராக்ஸ் கடைக்கு இது போதும்!

ஆயினும், வரி என்று வந்தால் பைசாவிலும் பின்னம் எழும். அதை எங்கே முழுமையாக்குவது? 1957 ஏப்ரல் 1 அன்று நயா பைசா வந்தபோது நாடு முழுவதும் இக்கேள்வி எழுந்தது. ஓரணா என்பது 6.25 நயா பைசா. மாற்றுப் பட்டியல் ஓரணாவுக்கு 6 என்றும் மூன்றணாவுக்கு 19 என்றும் வகுத்தது. ஆகவே ஓரணாப் பண்டம் மூன்றைத் தனித்தனியே வாங்கினால் 18 நயா பைசா; சேர்த்து வாங்கினால் 19. பண்டம் அதுவே, கடை அதுவே, விலை மட்டும் வேறு. ஒவ்வொரு பொருளுக்கும் முழுமையாக்குவதா, மொத்தத்திற்கு மட்டுமா என்பதைக் கடைக்காரரிடம் கேட்டு முடிவு செய்ய வேண்டும். நம் மாணவரோ அந்த முடிவை ‘டூஃபிக்ஸ்டு’ என்னும் கட்டளையின் தலையில் போட்டுவிடுகிறார். 1.005 என்பதை இரண்டு இடத்திற்கு முழுமையாக்கச் சொன்னால் 1.01 என்று எதிர்பார்ப்போம், அது 1.00 என்று தருகிறது. அதுவும் எண்ணாகவா தருகிறது? இல்லை, எழுத்தாக! அதோடு வேறு தொகையைக் கூட்டினால் மறுபடியும் ஒட்டல்தான். ஆகவே அக்கட்டளை திரையில் எழுதும் கடைசி நொடிக்கு மட்டுமே உரியது.

“பைசாவையே காணோம், 25 பைசாவும் அதற்குக் கீழுள்ள நாணயங்களும் 2011இலேயே போய்விட்டன. இதற்கு இவ்வளவு பேச்சா?” என்று கேட்பவர் உண்டு. நாணயம் போயிற்று, பில்லில் பைசா போகவில்லை. மேலும், இன்று ஒரு கடைக்கு எழுதும் கைதான் நாளை ஹைடெக் சிட்டியில் அமர்ந்து இலட்சம் பேருக்கான பில்லை எழுதப் போகிறது.

அடுத்தது நிரலின் அமைப்பு. விலை, எண்ணிக்கை, பைண்டிங், தள்ளுபடி என்று நான்கு பெட்டிகள் இருந்தால், நான்கிற்கும் ஒரே கணக்கை நான்கு முறை எழுதி வைப்பது புதியவர் வழக்கம். ஒன்றில் திருத்தினால் மூன்றில் பழையது நிற்கும். 2025 செப்டம்பர் 22 அன்று நோட்டுப் புத்தகங்களுக்கான ஜி.எஸ்.டி. 12 விழுக்காட்டிலிருந்து அறவே நீங்கியது. 0.12 என்று நிரலில் நான்கு இடங்களில் தூவி வைத்தவர் எத்தனை இடத்தில் தேடியிருப்பார்? ஓரிடம் தப்பினாலும், எந்தப் பெட்டியைக் கடைசியாகத் தொட்டோம் என்பதைப் பொறுத்து விலை மாறும். வரி விகிதத்தை ஒரே இடத்தில் பெயரிட்டு வையுங்கள். பெட்டிகளைப் படிப்பது ஒரு பகுதி. கணக்கிடுவது ஒரு பகுதி. திரையில் எழுதுவது ஒரு பகுதி. நடுப்பகுதிக்குப் பெட்டியும் தெரியவேண்டாம், திரையும் தெரியவேண்டாம். எண்ணைக் கொடுத்தால் எண்ணைத் தந்தால் போதும். அப்போதுதான் அதைத் தனியே சோதிக்க முடியும்.

பெயர் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். எக்ஸ், ஒய், டெம்ப் என்று பெயரிட்டுவிட்டு மறுவாரம் பொருள் தெரியாமல் விழிக்கிறோம். விலை, வரி, மொத்தம் என்று தமிழெழுத்திலேயே பெயரிட்டாலும் ஜாவாஸ்கிரிப்ட் மறுப்பின்றி ஏற்கிறது. தெலுங்கு நண்பரோடு சேர்ந்து எழுதும்போது அது உதவாது என்பது மெய்தான். தனியே பயிலும்போது எழுதிப் பாருங்கள். கணக்கு எங்கே தடுமாறுகிறது என்பது விரைவில் புலப்படும்.

இன்னும் இரண்டு செய்திகள். உலாவியில் ஓடும் நிரலை வாங்குவோர் எவரும் திறந்து திருத்திவிடலாம். எனவே பணம் பெறுமுன் கடையின் கணிப்பொறி மறுபடியும் கணக்கிட்டே தீரவேண்டும். மற்றொன்று, சிறு விலையை முதலில் காட்டிக் கட்டணங்களைக் கடைசிப் படியில் சேர்ப்பது. 2023 நவம்பர் 30 அன்று நடுவண் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட நெறிமுறைகள் பதின்மூன்று வகை ஏமாற்றுகளுள் இதனையும் சேர்த்திருக்கின்றன. தெரியாமல் இப்படி அமைத்துவிடும் மாணவரும் உண்டு.

ஆகவே அடுத்த முறை ஓர் இளைய நண்பர் தம் நிரலோடு வந்தால் அவர் மடிக்கணினியை நாம் பிடுங்க வேண்டாம். ஒரு தாளும் பென்சிலும் கொடுங்கள். இரண்டு நோட்டு, ஒரு பைண்டிங் என்று ஒன்று. எண்ணிக்கைப் பெட்டி வெறுமையாக ஒன்று. கழித்தல் ஐந்து என்று ஒன்று. 1,200 தாள் என்று ஒன்று. நான்கு பில்லையும் முதலில் கையால் போடச் சொல்லுங்கள். பிறகு நிரலை ஓட்டிப் பார்க்கட்டும். எந்த வரியைத் திருத்துவது என்று அவரே காட்டுவார்.