ஆக்கின சோறும் குடித்த டம்ளரும்

நீங்கள் ‘ஸ்பாங்கிலிஷ்’ பார்த்திருக்கிறீர்களா? 2004-ல் ஜேம்ஸ் எல். புரூக்ஸ் எடுத்த ஹாலிவுட் படம். மெக்சிகோவிலிருந்து மகளோடு லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் பிழைக்க வந்த ஃப்ளோர், ஆங்கிலம் தெரியாமலே ஒரு பணக்கார வீட்டில் வேலைக்குச் சேர்கிறாள். எஜமானி அவளுடைய மகளைக் கொண்டாடிப் பெரிய பள்ளியில் சேர்த்துவிடுகிறாள். மகள் தன்னைவிட்டு விலகிப்போவதைப் பார்த்த ஃப்ளோர் வேலையை உதறுகிறாள். அந்தப் பள்ளியிலிருந்தும் மகளை நிறுத்திவிடுகிறாள். சிரிக்கவைத்தே கலங்கடிக்கிற படம்.

‘பாவம்!’ என்று உச்சுக்கொட்டுகிறோம் அல்லவா? கொஞ்சம் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்கு வாருங்கள்.

பொங்கலுக்கு ஊர் திரும்பிக்கொண்டிருந்த ஒரு அம்மாவை அங்கே சந்தித்தேன். விழுப்புரம் போகிற வழியில் ஒரு கிராமம். சென்னையில் ஒரு வீட்டோடு தங்கி வேலை. “மூணு வேளையும் நான்தாம்பா சோறு ஆக்கறேன். என் டம்ளரு மட்டும் ஜன்னலோரம் தனியா கெடக்கும். நான் ஆக்குன சோறு ஆவுது, நான் குடிச்ச டம்ளரு ஆவல” என்றார். கோபமில்லை, சிரித்துக்கொண்டே சொன்னார்.

ஃப்ளோருக்குக் குறுக்கே நின்றது மொழி. படித்தாள், பேசினாள். இந்த அம்மாவும் அந்த வீட்டுக்காரர்களும் பேசுவது ஒரே தமிழ். வேறு எதைப் படித்தால் அந்த டம்ளர் அலமாரிக்குள் வரும்?

நாமும் வீட்டு வேலையை வைத்துக் காமெடிப் படம் எடுத்திருக்கிறோம். 1996-ல் ‘அவ்வை சண்முகி’. கமல் மாமி வேஷம் கட்டினார். நாசரின் பாட்சா, ஊமைப் பிராமணச் சமையல்காரராக வேஷம் போட்டார். விழுந்து விழுந்து சிரித்தோம். சமையலறைக்குள் நுழையச் சாதியை மாற்றிக் காட்ட வேண்டியிருக்கிறதே, அது யாரைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு? நம்மைப் பார்த்துத்தான்.

“நீங்களும் வேலையை உதறிடலாமே?” என்று கேட்டேன். “பொண்ணு பன்னெண்டாவது படிக்குதுப்பா” என்றார். அவ்வளவுதான் பதில். சுயமரியாதைக்கு ஃப்ளோர் கொடுத்த விலை மகளின் பள்ளிக்கூடம். அதே விலையை இவரிடமும் கேட்க நமக்கு என்ன யோக்கியதை?

வீட்டுவேலைத் தொழிலாளர்களுக்குத் தமிழ்நாட்டில் 2007-லேயே நலவாரியம் வந்தது. 2018-ல் குறைந்தபட்சக் கூலியும் நிர்ணயித்தார்கள். அவர்களுக்கு வார ஓய்வு வேண்டும் என்கிற சர்வதேச உடன்படிக்கை 2011-ல் நிறைவேறியது. ஆதரித்து ஓட்டுப்போட்ட இந்தியா இன்னும் அதை ஏற்று உறுதி செய்யவில்லை.

டெல்லி கையெழுத்துப் போடும்போது போடட்டும். உங்கள் வீட்டு ஜன்னலோரத்து டம்ளரை உள்ளே எடுத்துவைக்க எந்தச் சட்டமும் வேண்டாம். இன்றைக்கே எடுத்துவையுங்கள். கூடவே, வாரம் ஒருநாள் லீவு கொடுங்கள், சம்பளத்தைப் பிடிக்காமல்.