கடிகாரமா, நோயாளியா?

எபிடூரல் ஊசியில் மரப்பு மருந்தான பூபிவகைனுடன் டெக்ஸ்மெடிடோமிடின் சேர்த்தால் கால் அறுவைக்குப் பின் வலி வெகுநேரம் தலைகாட்டாது; ஆகவே அதனுடன் சேர்க்கும் ஃபென்டனிலை மூட்டைகட்டுங்கள் என்கிறார் ஒரு கட்டுரையாளர்.

முதல் பாதி சரி. குளோனிடினைவிட ஏறத்தாழ 8 மடங்கு துல்லியமாக ஆல்ஃபா-2 ஏற்பியைப் பற்றும் மருந்து டெக்ஸ்மெடிடோமிடின். ஃபென்டனில் தரும் அரிப்பும் இதில் குறைவு. ஆனால் நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் சரியக்கூடும் என்பதை ஏன் விழுங்கிவிட்டார்? துடிப்பு ஏற்கெனவே மந்தமான முதியவருக்கு அந்தக் கூடுதல் மணிநேரங்கள் வரமா, வம்பா?

அடிபட்டு வீங்கும் காலில் வலிதான் முதல் எச்சரிக்கை மணி. அதை நெடுநேரம் ஊமையாக்குவதும் ஆபத்தே. அமெரிக்காவில் 1999-இல் டெக்ஸ்மெடிடோமிடினுக்குக் கிடைத்த அனுமதியும் சிரைவழித் தூக்கமூட்டலுக்குத்தான், எபிடூரலுக்கு அல்ல.

கடிகாரத்தைப் பார்த்து மருந்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள், படுத்திருப்பவரைப் பாருங்கள்.