வண்டிக்கு 22 வயதானால் காயலான் கடைதானா?

போன வாரம் கும்பகோணத்தில் ஒரு கல்யாணம். மண்டபத்து வாசலில் என் மாருதி 800-ஐ நிறுத்திவிட்டு இறங்குவதற்குள் அக்கா மகன் வந்துவிட்டான்.

"மாமா, இன்னுமா இத வச்சிருக்கீங்க? 15 வருஷம் தாண்டுன வண்டிய ஓட்டவே கூடாதுன்னு சட்டம் வந்தாச்சு. புடிச்சிட்டுப் போயிடுவாங்க. எடைக்குப் போட்டுட்டுப் புதுசு எடுங்க, லோன் நான் பாத்துத் தர்றேன்."

பக்கத்தில் நின்ற நாலு பேரும் தலையாட்டினார்கள். அதில் இரண்டு பேர் என்னிடம் கணக்குப் படித்தவர்கள். அதனால்தான் இந்தப் பதிவு கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சட்டம். அப்படி ஒரு சட்டம் தமிழ்நாட்டில் இல்லை. 2021-இல் ஒன்றிய அரசு கொண்டுவந்த பழைய வாகனக் கொள்கை, வீட்டுக் காரை 15 ஆண்டு முடிந்ததும் நொறுக்கு என்று சொல்லவில்லை. 15 ஆண்டு முடிந்ததும் வண்டியைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். தேறினால் ஆர்.சி.யை 5 ஆண்டுக்குப் புதுப்பித்துத் தருவார்கள். தேறாவிட்டால்தான் அது ஆயுள் முடிந்த வண்டி. 15 ஆண்டோடு சரி, புதுப்பிக்கவே முடியாது என்பது அரசாங்கத்துக்குச் சொந்தமான வண்டிகளுக்கு. அதுவும் 2023 ஏப்ரல் 1 முதல். என் வண்டி 2004-இல் வாங்கியது. 2019-இல் ஒரு தடவை, 2024-இல் ஒரு தடவை எஃப்.சி. காட்டினேன். இரண்டு தடவையும் தேறியது. அடுத்தது 2029.

டெல்லியில் நடப்பதை வாட்ஸ்அப்பில் பார்த்துவிட்டு எல்லோரும் பேசுகிறார்கள். அங்கே காற்று அந்த நிலைமை. டீசலுக்கு 10 ஆண்டு, பெட்ரோலுக்கு 15 ஆண்டு என்று பசுமைத் தீர்ப்பாயம் வைத்த வரம்பை 2018-இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. 2025 ஜூலை 1 முதல் பழைய வண்டிக்குப் பங்கில் பெட்ரோலே போடாதே என்றார்கள். சில நாளிலேயே நிறுத்தி வைத்தார்கள். ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், வயதை மட்டும் வைத்து நடவடிக்கை வேண்டாம் என்றது. டிசம்பரில் அதைத் திருத்தி, பி.எஸ்.4 தரமும் அதற்கு மேலும் உள்ள வண்டிகளுக்குத்தான் அந்தப் பாதுகாப்பு என்றது. பாருங்கள், அங்கேயே பேச்சு பிறந்த தேதியிலிருந்து புகையின் தரத்துக்கு நகர்ந்துவிட்டது. என் வண்டி பி.எஸ்.4-க்கு முந்தையது, டெல்லியில் இருந்திருந்தால் மாட்டிக்கொண்டிருக்கும். அதை நான் மறைக்கவில்லை.

எனக்குக் கோபம் சோதனை மேல் இல்லை. கட்டணத்தின் மேல்தான். காரின் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்தது 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 2025 ஆகஸ்டில், 20 வயது தாண்டிய காருக்கு 10,000 என்று ஆக்கிவிட்டார்கள். நல்ல வண்டியோ ஓட்டை வண்டியோ, கட்டணம் ஒன்றுதான். முப்பது வருஷத்துக்கு மேல் தேர்வு நடத்தியவன் நான். தேறாதவனை நிறுத்தி வை, சரி. வயசாகிவிட்டது என்பதற்காகப் பரீட்சை ஃபீஸைப் பதினாறு மடங்கு ஏற்றினால், அதற்குப் பெயர் பரீட்சையா? எழுதவே வராதே என்று சொல்லாமல் சொல்வது அது.

பெட்ரோலிலும் இதே கதை. 20 விழுக்காடு எத்தனால் கலந்ததைத்தான் இப்போது எங்கள் ஊர்ப் பங்கில் ஊற்றுகிறார்கள். 2004 வண்டியின் ரப்பர் பாகங்கள் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. போன வருஷம் பெட்ரோல் ஹோஸ் கசிந்து, மெக்கானிக் தம்பி முழுவதையும் மாற்றினார். மைலேஜும் குறைந்துவிட்டது. வண்டி கெட்டுப்போச்சு என்று என்னிடம் சொல்கிறவர்கள், எரிபொருளை மாற்றியது யார் என்று கேட்பதில்லை.

"சுற்றுச்சூழல் சார்" என்றான் பழைய மாணவன் ஒருவன். சரி, பத்தாம் வகுப்புக் கணக்குதான், போட்டுப் பார்ப்போம். நான் வருஷத்துக்கு ஓட்டுவது 3,000 கிலோமீட்டர். லிட்டருக்கு 15 என்றால் 200 லிட்டர். புது வண்டி 20 தரும் என்று வைத்துக்கொண்டால் 150 லிட்டர். மிச்சம் 50. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு. ஆக, புது வண்டியால் வருஷத்துக்கு மிச்சமாவது 115 கிலோ. இரும்பு உருக்குவதிலிருந்து பெயிண்ட் அடிப்பதுவரை ஒரு புதுக் காரைச் செய்யவே பல டன் வெளியேறுகிறது. 5 டன் என்று வையுங்கள். ஈடுகட்ட 43 வருஷம் ஆகும். நான் இருக்கமாட்டேன், அந்தப் புது வண்டியும் இருக்காது. ஆனால் வருஷத்துக்கு 20,000 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு இதே கணக்கில் ஆறரை வருஷம்தான். அவர் மாற்றினால் நியாயம் இருக்கிறது.

கார்பன் டை ஆக்சைடு வேறு, மூக்கில் ஏறும் புகை வேறு. அதில் பழைய வண்டி மோசம்தான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை புகைச் சோதனைக்கு நிஜமாகவே வண்டியைக் கொண்டுபோகிறேன். குழாயைச் செருகாமலே சர்டிஃபிகேட் அடித்துத் தருகிற இடங்களும் உண்டு என்பது உங்களுக்கும் தெரியும். முதலில் அவற்றை மூடட்டும்.

என்னால் பதில் சொல்ல முடியாத கேள்வி ஒன்றே ஒன்று. அதை அக்கா மகன் கேட்கவில்லை, என் மருமகள் கேட்டாள். "மாமா, இதுல ஏர்பேக் இருக்கா?" இல்லை. ஏ.பி.எஸ். பிரேக்கும் இல்லை. மொத்த வண்டியே ஏறத்தாழ 650 கிலோ. லாரி இடித்தால் தகர டப்பாதான். அன்றிலிருந்து பேத்தியை இதில் ஏற்றுவதில்லை. நாற்கரச் சாலைக்கும் கொண்டுபோவதில்லை, இருட்டிய பிறகு எடுப்பதில்லை. தஞ்சாவூர் கண் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமென்றால் வாடகைக் கார். ஊரிலிருந்து கும்பகோணம் 9 கிலோமீட்டர். மூட்டுவலிக்காரியான என் மனைவியைப் பஸ் படியில் ஏற்றாமல் கூட்டிப்போய் வர இது போதும். இதற்காக ஐந்தாறு லட்சம் கடன் வாங்கி, பென்ஷனில் மாதாமாதம் தவணை கட்டவேண்டும் என்கிறார்களே, அவர்களா கட்டப்போகிறார்கள்?

இன்னொரு கூட்டத்தையும் சொல்லியாக வேண்டும். "அப்பா ஓட்டிய வண்டி சார்" என்று முருங்கை மரத்தடியில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருப்பவர்கள். நாலு டயரும் காற்றிறங்கி, தரைத்தகடு துருப்பிடித்து, உள்ளே எலி குட்டி போட்டிருக்கும். மாதம் ஒருமுறை ஸ்டார்ட் பண்ணக்கூட மாட்டார்கள். அது வண்டி மேல் பாசம் இல்லை ஐயா, முடிவெடுக்கச் சோம்பல். ஓட்டுங்கள், இல்லை கொடுத்துவிடுங்கள்.

கொடுக்கும்போது ஒரு எச்சரிக்கை. காயலான் கடையில் காசை வாங்கிக்கொண்டு வந்துவிட்டால் ஆர்.சி. உங்கள் பெயரிலேயே கிடக்கும். அந்த நம்பரை யாராவது வேறு வண்டியில் மாட்டி எங்காவது இடித்தால், போலீஸ் உங்கள் வீட்டுக்குத்தான் வரும். அரசு அங்கீகாரம் பெற்ற வாகன அழிப்பு மையத்தில் ஒப்படைத்து, ஒப்படைப்புச் சான்றிதழ் வாங்குங்கள். பதிவை ரத்து செய்துவிட்டதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். அந்தச் சான்றிதழ் இருந்தால் புது வண்டிக்கு வரிச்சலுகையும் உண்டு.

என் வண்டிக்கும் அந்த நாள் வரும். ஓட்டுநர் பக்கத்து ரன்னிங் போர்டில் துரு ஆரம்பித்திருக்கிறது. இந்த ஐப்பசி மழைக்கு முன்னால் பேட்ச் வேலை பார்க்கச் சொல்லியிருக்கிறேன். துரு தரைத்தகடுவரை போயிருந்தால் நேராகச் சொல்லிவிடு என்று மெக்கானிக் தம்பியிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அவர் போய்விட்டது என்றால், அன்றைக்கே சாவியைக் கொடுத்துவிடுவேன். அக்கா மகனுக்கு அதற்கு முன்னால் போன் போடமாட்டேன்.