சதவீதம் சோறு போடுமா?



போன செமஸ்டரில் நம் செமினார் ஹாலுக்கு வந்த விருந்தினர் ஒருவர் திரையில் ஒரு பட்டியலைப் போட்டார். 'உலகில் அதிவேகமாக வளரும் பத்து வேலைகள்!' முதலிடம் காற்றாலை டெக்னீஷியன், 60 சதவீத வளர்ச்சி. மெக்கானிக்கல் பெஞ்சுகளில் ஒரே விசில். நானும் கை தட்டியவன்தான், மறைக்கவில்லை.

வீட்டுக்குப் போய் அந்தப் பட்டியலின் ஊர் எது, பேர் எது என்று தேடினேன். அது உலகப் பட்டியலே இல்லை. அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் துறையின் கணக்கு. 2023-இல் அந்த நாடு முழுவதும் காற்றாலை டெக்னீஷியன்கள் சுமார் 11,400 பேர். 2033-க்குள் கூடப்போவது 6,800 பேர். அவ்வளவுதான்! அதே கணக்கில், வீடுகளில் முதியோரையும் நோயாளிகளையும் கவனித்துக்கொள்ளும் பணியாளர்களின் வளர்ச்சி வெறும் 21 சதவீதம். ஆனால் கூடப்போகிறவர்கள் 8 லட்சத்துக்கு மேல். சம்பளம் மட்டும் காற்றாலைக்காரரின் சம்பளத்தில் ஏறத்தாழ பாதி. அதை யாரும் நமக்குத் திரையில் காட்ட மாட்டார்கள். அடுத்த வருடக் கணக்கிலேயே காற்றாலையின் 60 சதவீதம் 50 ஆக இறங்கிவிட்டது என்பது வேறு கதை.

நாலு பேர் வேலை செய்கிற பட்டறையில் இன்னும் ரெண்டு பேரைச் சேர்த்தால் அதுவும் 50 சதவீத வளர்ச்சிதான். சதவீதத்தைப் பார்த்து மயங்குவதற்கு முன்னால் 'எத்தனை பேர்?' என்று கேட்கவேண்டாமா?

சரி, அமெரிக்கா கிடக்கட்டும். நம்ம ஏரியாவுக்கு வருவோம்.

எங்கள் தெருப் பெரியவர்கள் ஒருவரைப் பற்றிச் சொல்லும்போது அவர் பிட்டரா, டர்னரா, எலக்ட்ரீஷியனா என்று சொல்ல மாட்டார்கள். "அவரு லேலண்டு", "இவரு என்ஃபீல்டு", "அவங்கப்பா எம்.ஆர்.எஃப்." இதுதான் அறிமுகம். 1946-இல் பலூன் செய்யும் கொட்டகையாக எம்.ஆர்.எஃப். ஆரம்பித்தது இந்தத் திருவொற்றியூரில்தான். 1948-இல் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கியதுதான் எண்ணூர் லேலண்டு. 1955-இலிருந்து என்ஃபீல்டு. தொழிலைச் சொல்லாமல் கம்பெனியைச் சொன்னார்களே, அது அறியாமை என்று நான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். இப்போது புரிகிறது. யாருடைய மஸ்டர் ரோலில் பெயர் இருக்கிறது என்பதில்தான் கல்யாணம், வீட்டு லோன், பிள்ளைகள் படிப்பு எல்லாம் அடங்கியிருந்தது.

இன்று அந்த மஸ்டர் ரோலே நகர்ந்துகொண்டிருக்கிறது. என்ஃபீல்டின் புதிய தொழிற்சாலைகள் 2013-இல் ஒரகடத்துக்கும் 2017-இல் வல்லம் வடகாலுக்கும் போயின. நமக்கு அது ஊரின் மறுகோடி. அங்கே ரூம் எடுத்துத் தங்கினால் சம்பளத்தில் வாடகைக்கு எவ்வளவு போகும் என்பதை எந்தப் பட்டியலும் சொல்லாது.

'புதுத் தொழில் நம் பக்கமும் வருகிறதே' என்று கேட்கலாம். வருகிறது, உண்மைதான். 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்சாரத் தாழ்தளப் பேருந்துகள் கிளம்பின. டீசல் என்ஜின், கிளட்ச், ரேடியேட்டர் என்று படித்த நமக்கு அங்கே பேட்டரி, இன்வெர்ட்டர், மோட்டார். நிச்சயமாக வளரப்போகிற வேலை. ஆட்டோமொபைல்காரன் எலக்ட்ரிகல் லேபில் போய் உட்காரவேண்டிய காலம். ஆனால் அந்தப் பஸ்ஸில் கண்டக்டர்தான் மாநகர் போக்குவரத்துக் கழகத்து ஆள். டிரைவரும் பராமரிப்பும் ஒப்பந்தம் எடுத்த தனியார் நிறுவனத்தினுடையது. ஓடுகிற கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கழகம் பணம் தருகிறது. பஸ் அரசுப் பஸ் மாதிரி இருக்கும், அதைப் பழுதுபார்க்கிற வேலை அரசு வேலையாக இருக்காது. இதைத் தெரிந்துகொண்டு போகிறவன் ஏமாறமாட்டான்.

அப்ரண்டிஸ் விஷயத்தைக் கொஞ்சம் நின்று பேசவேண்டும். நம்மில் பாதிப் பேருக்கு முதல் வருமானம் அதுதானே! 2019 விதிகளின்படி டிப்ளமா அப்ரண்டிஸுக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 8,000 ரூபாய். 2025-இல் இதை 36 சதவீதம் உயர்த்த மத்திய அப்ரண்டிஸ் கவுன்சில் பரிந்துரைத்தது. தொகையைவிடப் பெரிய விஷயம், 1961 அப்ரண்டிஸ் சட்டம் நம்மைப் 'பயிற்சியாளர்' என்கிறது, 'தொழிலாளி' என்று சொல்லவில்லை. தொழிலாளர் சட்டங்கள் நமக்குப் பொருந்தாது. தமிழ்நாட்டில் 1981-லேயே ஒரு சட்டம் வந்தது: 24 மாதத்தில் 480 நாள் தொடர்ந்து வேலை பார்த்தவரை நிரந்தரமாக்கவேண்டும் என்று. அப்ரண்டிஸ் நாட்கள் அந்தக் கணக்கில் சேராது.

நம் சீனியர் அண்ணன் ஒருவரைப் பொங்கலுக்குப் பார்த்தேன். "எப்படிண்ணே போவுது?" என்றேன்.

"ரெண்டு வருஷத்துல மூணு யூனிபார்ம் மாத்திட்டேன்டா தம்பி. மிஷின் அதேதான்."

காண்ட்ராக்டர் மாற மாற அவருக்கு நாள் முதலிலிருந்து எண்ணப்படுகிறது. அதற்குப் பெயரும் ஏதோ 'புராசஸ் அசோசியேட்'. வேகமாக வளரும் வேலைதான் போலிருக்கிறது!

சம்பளம் பற்றி ஒரு கணக்கு. மாதச் சம்பளம் 15,000, முழுவதும் அடிப்படைச் சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். கம்பெனி கட்டும் பி.எஃப். 12 சதவீதம், 1,800. இ.எஸ்.ஐ. 3.25 சதவீதம், 488. மூன்றையும் கூட்டி 17,288 என்று 'சி.டி.சி.' சொல்வார்கள். நம் பங்கு பி.எஃப். 1,800-ம் இ.எஸ்.ஐ. 113-ம் போக கைக்கு வருவது 13,087. கேன்டீன், கம்பெனி பஸ் பிடித்தம் தனி. பி.எஃப். வீணல்ல, அது நம் பணம்தான். ஆனால் 17,288-ஐ நம்பி வீட்டில் சொல்லிவிட்டு வந்தவன் முதல் மாதம் அம்மா முகத்தைப் பார்க்க முடியாமல் நிற்கிறான்.

அதனால் நம் யூனியனுக்கு ஒரு வேண்டுகோள். நூலகத்தில் நீளமான நோட்டு ஒன்று வைப்போம். போன மூன்று வருடங்களில் வேலைக்குப் போனவர்கள், பெயர் போடாமல், நாலே விஷயம் எழுதட்டும்: ஆஃபரில் சொன்ன தொகை, கைக்கு வந்த தொகை, சம்பளச் சீட்டில் இருந்த கம்பெனிப் பெயர், எத்தனை மாதம் இருந்தார்கள். இந்த மலர் அச்சுக்குப் போகும்முன் நானே ஐந்து பேரிடம் கேட்டேன். மூன்று பேருக்கு, கேட்டில் இருந்த போர்டும் சம்பளச் சீட்டில் இருந்த பெயரும் வேறு வேறு.

நோட்டு வாங்கியாகிவிட்டது. முதல் பக்கத்தில் அந்த ஐந்தையும் எழுதி வைத்திருக்கிறேன். லைப்ரரியன் சார் அனுமதிதான் பாக்கி.