ஊர் திரும்பியவனின் கணக்கு

அயல்நாட்டிலிருந்து மூன்று வார விடுமுறையில் ஊருக்கு வருகிறவனைப் பற்றிய எழுத்து நம்மிடம் ஒரு வாய்ப்பாடாகிவிட்டது. விமான நிலைய வாசலில் வெக்கை. வீட்டில் சிறுத்துப்போன அம்மா. ஆலமரம் நின்ற இடத்தில் செல்போன் கோபுரம். தூர்ந்த குளம். 'இது என் ஊர்தானா?' என்று ஒரு கேள்வி. அந்தக் கேள்வியோடு கதையும் முடிந்துவிடும். இதற்கு அந்நியமாதல் என்று பெயரிட்டு நாமும் பிரசுரித்துவிடுகிறோம். இது அந்நியமாதல் அல்ல, வெறும் இருப்புக் கணக்கெடுப்பு என்பதே என் கட்சி.

ஒடிஸியின் பதின்மூன்றாம் காண்டத்தில் இந்த ஆள் ஏற்கனவே இருக்கிறான். இருபது வருஷம் கழித்து, தூக்கத்திலேயே இதாக்காவின் கரையில் இறக்கிவிடப்படுகிற ஒடிஸியஸ் விழித்தெழுந்து, சொந்த மண்ணை அடையாளம் தெரியாமல் புலம்புகிறான். அடுத்து அவன் செய்யும் காரியம், தன்னோடு வந்த பாத்திரங்களையும் பொன்னையும் துணிகளையும் எண்ணிப் பார்ப்பது. கப்பல்காரர்கள் எடுத்துப்போய்விட்டார்களோ என்று சந்தேகம். ஒன்றும் குறையவில்லை. அவனுக்கு ஊர் தெரியாமல் போனது ஊர் மாறியதால் அல்ல; அதீனா பரப்பி வைத்த மூடுபனியால். ஹோமர் எண்ணிக்கையையும் காட்டினான், மூடுபனியையும் காட்டினான். நம்மவர்கள் எண்ணிக்கையோடு நின்றுவிடுகிறார்கள்.

இந்தக் காட்சியிலிருந்துதான் ஆல்ஃப்ரெட் ஷுட்ஸ் வீடு திரும்புகிறவனைப் பற்றி 1945இல் எழுதிய கட்டுரையைத் தொடங்குகிறார். வியன்னாவை இழந்து 1939இல் நியூயார்க் சேர்ந்தவர். பகலில் வங்கி நிறுவனத்தில் வேலை, மிஞ்சிய நேரத்தில் தத்துவம். போர் முடிந்து வரும் சிப்பாய்களை முன்வைத்து அவர் சொன்னதன் சாரம் இது: வந்து சேர்ந்த வீடு விட்டுப்போன வீடு அல்ல, வந்தவனும் போனவன் அல்ல, காத்திருந்தவர்களுக்கும் அவன் பழைய ஆள் அல்ல. நம் எழுத்தில் காணாமல் போயிருப்பது இந்தக் கடைசிப் பகுதி. நம் கதைகளில் வீட்டிலிருப்பவர்களுக்கு மனம் என்று ஒன்று கிடையாது. அம்மா ஒரு காப்பி மணம். தம்பி ஒரு பாகப்பிரிவினைப் பேராசை. அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு அலைந்தவன் அந்தத் தம்பிதான் என்பது கதைக்கு வெளியே நடந்துவிடுகிறது. குளம் தூர்ந்துகொண்டிருந்த அத்தனை வருஷமும் அதன் கரையில் குடியிருந்தவனுக்கு அதிர்ச்சி அடையும் சௌகரியம் கிடைக்கவில்லை.

வலி பொய்யா என்று கேட்பார்கள். பொய்யல்ல. ஆனால் அந்த வலியின் சட்டைப்பையில் திரும்பிப்போகும் டிக்கெட் இருக்கிறது. டிக்கெட் இல்லாமல் வந்தவர்களும் இருந்தார்கள். 1964இல் ஸ்ரீமாவோவும் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம், இலங்கைத் தோட்டங்களில் உழைத்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதிவைத்தது. அப்படி வந்தவர்களில் பெரும்பாலோர் அங்கேயே பிறந்தவர்கள்; இந்த மண்ணைக் கண்ணால் கண்டதில்லை. இருந்தும் சர்க்கார் காகிதத்தில் அவர்களுக்குத் 'தாயகம் திரும்பியோர்' என்று பெயர். அங்கே கள்ளத்தோணி என்று ஏசப்பட்டவர்கள், நீலகிரியில் மறுபடி தேயிலை கிள்ள வந்தபோது இங்கே சிலோன்காரர்கள் ஆனார்கள். திரும்புதல் என்ற சொல்லே ஒரு பொய்யாகிப்போன அனுபவம் இது. இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, குளியலறையில் சுடுதண்ணீர் வரவில்லை என்ற துக்கத்தின் அளவு தெரிந்துவிடுகிறது. நம் பக்கங்களில் எது அதிகம் அச்சேறியிருக்கிறது என்று நாமே எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.

வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவனுக்கு ஒரு வசதி உண்டு. பணம் அனுப்புகிறவனையும் அதை வாங்குகிறவரையும் அவன் ஒரே பேரேட்டில் பார்க்கிறான். மாதாமாதம் வந்து, பாஸ்புக்கைப் பதியவைத்து, மகன் அனுப்பிய தொகையை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுப் போகும் பெரியவர் ஒருவர். ஒரு டிசம்பரில் மகனே கூட வந்தான். வரிசை, கையெழுத்து, நகல் என்று ஒவ்வொன்றுக்கும் 'அங்கேயெல்லாம் இப்படி இல்லை' என்று குரல் உயர்த்தினான். அவன் சொன்னதில் நியாயமும் இருந்தது. பெரியவர் சுவரோரப் பெஞ்சில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். மறுமாதம் தனியாக வந்தவர் பாஸ்புக்கை நீட்டுமுன் தாழ்ந்த குரலில் சொன்னார்: "சார், அவனுக்கு இங்கத்துப் பழக்கம் விட்டுப்போச்சு. மனசுல வெச்சுக்காதீங்க."

தன் வீட்டுப் பிள்ளையை விருந்தாளியாக்கி, அவனுக்காக ஊரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டிய நிலைக்கு அந்த மனிதர் வந்திருந்தார். அதிர்ச்சி அவருடையது. விமானம் ஏறிப் போனவனின் நோட்டுப்புத்தகத்தில் அன்றைய தினம் வரிசையைப் பற்றி ஒரு கவிதையாகப் பதிவாகியிருக்கும். அந்தக் கவிதை நமக்கு வந்து சேர்ந்தால் திருப்பி அனுப்புவோம். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவரை எழுதத் தெரிந்தவன் வரட்டும்.