தண்ணி நல்லாத்தான் இருக்கு... ஃபுளோரைடு பார்த்தீங்களா?

"எங்க போர்வெல் தண்ணி உப்பே கரிக்காது, நல்ல தண்ணி!" தர்மபுரி மாவட்டத்தில் யாராவது இப்படிச் சொன்னால், உடனே நம்பிவிட வேண்டாம். ஏன்?

பிளஸ் டூ கெமிஸ்ட்ரி லேப் ஞாபகம் இருக்கா? உப்புத் தண்ணீரில் சில்வர் நைட்ரேட் விட்டால் தயிர் போல வெள்ளையாகத் திரளும். அதுதான் சில்வர் குளோரைடு. வெள்ளியில் இருந்து வந்தாலும் பளபளப்பு கிடையாது. வெளிச்சம் பட்டால் கறுக்கும். அம்மோனியாவில் கரையும். ஆனால் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 2 மில்லிகிராம்தான் கரையும்.

இப்படிக் கரையாமல் திரள்வதால்தான், குடிநீரில் எவ்வளவு குளோரைடு இருக்கிறது என்று சில்வர் நைட்ரேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளக்க முடிகிறது.

ஆனால் தர்மபுரியின் பெரிய தலைவலி குளோரைடு இல்லை, பாறைகளில் இருந்து நிலத்தடி நீரில் கலக்கும் ஃபுளோரைடு. இரண்டும் ஒரே தனிமக் குடும்பம்தான், குணம் வேறு. சில்வர் ஃபுளோரைடு ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு கிலோவுக்கு மேல் கரையும். அதனால் சில்வர் நைட்ரேட் விட்டாலும் எதுவும் திரளாது. நாக்குக்கும் தெரியாது. கொதிக்க வைத்தாலும் போகாது. தண்ணீர் வற்ற வற்ற அடர்த்தி கூடத்தான் செய்யும்.

இந்தியத் தர நிர்ணயப்படி ஒரு லிட்டர் குடிநீரில் ஃபுளோரைடு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு வழியில்லை என்றால் 1.5 வரை. அதைத் தாண்டிய தண்ணீரைப் பல ஆண்டுகள் குடித்தால் பல்லில் பழுப்புக் கறை, பிறகு எலும்பு, மூட்டுப் பாதிப்பு.

இதற்காகத்தான் ஜப்பான் நிதியுதவியுடன் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் தொடங்கியது. ஆனால் குழாயில் தண்ணீர் வராத நாளில் மறுபடி போர்வெல்தானே?

அதனால் ஒவ்வொரு பொது போர்வெல் பக்கத்திலும் அதன் ஃபுளோரைடு அளவைப் பெரிதாக எழுதி வைக்க வேண்டும். ரேஷன் கடை விலைப் பட்டியல் மாதிரி, எல்லோர் கண்ணிலும் படணும்.

அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். பெங்களூரு, ஓசூர் என்று வேலைக்குப் போனவர்கள் அடுத்த முறை ஊருக்கு வரும்போது, வீட்டு போர்வெல் தண்ணீரை ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள். 'ஃபுளோரைடு' என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். அதை அளக்கும் மின்முனைக்குள்ளும் பெரும்பாலும் சில்வர் குளோரைடு பூசிய வெள்ளிக் கம்பிதான் இருக்கும். சோதனைக் குழாயில் காட்டிக் கொடுக்காத ஃபுளோரைடை, அங்கே பிடிக்க உதவுவதும் அதே உப்புதான்.